மூன்று தடவை விழுந்த மங்களம்

கோவில்பட்டி,
23-3-2009

அன்பும் பண்பும் நிறைந்த, கொஞ்சம் முன்கோபமும் நிறைந்த சகலை செண்பகராஜ் அவர்களுக்குக் கண்ணபிரான் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உங்கள் மதினி ராதாமணியும் சுகமாக இருக்கிறோம் என்று எழுதினால் பாதி பொய்யாகிவிடும். உடம்பெல்லாம் சுகம்தான். மாலை ஆறரை மணிக்கு மேல்தான் சுகமில்லை. மஸ்கட்டில் உங்கள் வேலை, சாப்பாடு, முழங்கால் வலி எல்லாம் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று செண்பகவல்லி அம்மன் சந்நிதியில் நின்று கேட்டுக்கொண்டேன். முழங்கால் வலி நல்லபடியாக இருப்பது என்றால் குறைந்திருப்பது என்று அம்மனுக்குத் தெரியும்.

கம்ப்யூட்டர் காலத்தில் இந்த மனுஷன் ஏன் தபாலில் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். வேறு வழி வைத்தீர்களா? தினமும் மாலை கம்ப்யூட்டரில் நாம் கூடுகிற இசை நாடக ரசிகர் குழுவிலிருந்து என் பெயரை அடித்துவிட்டீர்கள். வியாழக்கிழமை மாலை வழக்கம்போல பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டருக்குப் போய் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். சென்டரை நடத்துகிற உமாதேவி, எனக்காகத் தட்டச்சு செய்து தருகிற அந்தப் புண்ணியவதி, திரையைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "அண்ணாச்சி, நீங்க இதுல உறுப்பினர் இல்லன்னு வருது" என்றாள். முப்பத்தோரு வருஷம் மில்லில் டைம் கீப்பராக இருந்து, நேரத்துக்கு வராத எத்தனையோ பேரை கேட்டுக்கு வெளியே நிறுத்தியவன் நான். கேட்டுக்கு வெளியே நிற்பது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. போன் போட்டால் எடுக்க மாட்டேன் என்கிறீர்கள். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

நம் குழுவின் முதல் விதி உங்கள் விதி. மேடையில் ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் விடிய விடியத் தர்க்கம் பண்ணுவார்கள், வாய்க்கு வந்தபடி ஏசிப் பாடுவார்கள், ஆனால் கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்து நின்று மங்களம் பாடிவிட்டால் அத்தனையும் கழுவிவிட்டதுபோல ஆகிவிடும், பிறகு ஒன்றாக உட்கார்ந்து டீ குடிப்பார்கள். அதைப் போலவே நாமும் தினம் ஆறரையிலிருந்து ஏழரை வரை கட்சி பிரிந்து எப்படி வேண்டுமானாலும் ஏசிக்கொள்ளலாம், ஏழரைக்கு நிர்வாகியான நீங்கள் மங்களம் என்று போடவேண்டும், எல்லாரும் பின்னாலேயே மங்களம் என்று போட்டுவிட்டுப் போய்விட வேண்டும், மறுநாள் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. நல்ல விதி. இந்த விதி இருக்கிற தைரியத்தில்தான் நான் ஒன்றரை வருஷமாக உங்களை ஏசி வருகிறேன்.

செவ்வாய்க்கிழமை என்ன நடந்தது? முதலில் எல்லாம் நல்ல பேச்சுத்தான். ஷார்ஜாவில் புழுதிக்காற்று என்று செல்வகணேஷ் சொன்னார். கயத்தாற்றில் டயர் கடை வைத்திருக்கிற நம்ம சங்கிலிப்பாண்டி, கடையில் லாரி நிற்கிறது, அரைமணி நேரம்தான் இருப்பேன் என்று சொல்லிவிட்டு ஒரு மணி நேரமும் இருந்தார். அந்தக் காலத்தில் எத்தனை கட்டையில் பாடினார்கள், இப்போது மைக்கை முழுங்குகிற மாதிரி வைத்துக்கொண்டும் ஏன் கேட்கவில்லை என்று பேசிக்கொண்டிருந்தோம். அப்போது நீங்கள்தான் எப்போதும்வென்றான் கோவில் கொடை விழாப் பேச்சை இழுத்தீர்கள். 1983-ல், உங்களுக்குக் கல்யாணம் ஆன வருஷம், நம் மாமனார் ஊரான எப்போதும்வென்றானில் நடந்த தர்க்கத்தில் ஜெயித்தது ராஜபார்ட் உச்சிமாகாளியா, ஸ்திரீபார்ட் மாரித்தாயா என்கிற அதே வழக்கு. கடைசிக் கேள்விக்கு மாரித்தாய் பதில் சொல்ல முடியாமல் நின்றார் என்பது என் கட்சி. பதில் சொன்னார், அதைக் கேட்டு உச்சிமாகாளி தலைப்பாகையைக் கழற்றி வைத்தார் என்பது உங்கள் கட்சி. இருபத்தாறு வருஷமாக இதுதான்.

அந்த நேரம் பார்த்துக் கரண்டு போய்விட்டது. உமாதேவி, "அண்ணாச்சி, பேட்டரி அஞ்சு நிமிசந்தான் நிக்கும். சொல்ல வேண்டியதச் சட்டுனு சொல்லிருங்க" என்றாள். இங்கேதான் என் தப்பு. வாயில் இருந்ததைச் சொல்லிவிட்டேன். ஸ்திரீபார்ட் கட்சிக்காரர்களுடைய காது ஓட்டை விழுந்த ஆர்மோனியத் துருத்தி மாதிரி, காற்று போகுமே தவிர சுரம் நிற்காது என்றேன். நான் சத்தமாகச் சொல்ல, அவள் சிரித்துக்கொண்டே தட்ட, அது உங்களுக்கு வந்து சேர, திரை இருண்டுபோனது. அடுத்த அரைமணி நேரம் நான் பட்டபாடு உங்களுக்குத் தெரியாது. ஆட்டோ பிடித்து ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஜெனரேட்டர் இருக்கிற சென்டருக்கு ஓடினேன். அங்கே எல்லா நாற்காலியிலும் பரீட்சை முடிவு பார்க்க வந்த காலேஜ் பிள்ளைகள். கெஞ்சிக் கூத்தாடி ஒரு நாற்காலி வாங்கி உட்கார்ந்தால், என் ரகசிய எழுத்து என்னவென்று எனக்கே தெரியவில்லை, அது உமாதேவிக்குத்தான் தெரியும். அவளுக்குப் போன் போட்டு, அவள் சொல்லச் சொல்ல ஒற்றை விரலால் குத்தி உள்ளே போனபோது மணி ஏழு நாற்பது. எல்லாரும் மங்களம் பாடிவிட்டுப் போய்விட்டார்கள். என் ஏச்சு மட்டும் மங்களம் இல்லாமல் நடுவீட்டில் நின்றது.

அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. மங்களம் பாடாத நாடகம் ஊருக்கு ஆகாது என்பார்களே, ஒரு சகலைக்கு மட்டும் ஆகுமா? ஆகவே யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். புதன்கிழமை, வேறு பேச்சு ஆரம்பிப்பதற்குள், சரியாக ஆறரைக்கு நேற்றைய மங்களத்தைப் பாடி நேற்றைய பாக்கியைத் தீர்த்துவிட வேண்டும். யோசனையில் தப்பில்லை என்று இப்போதும் சொல்கிறேன். உமாதேவி மங்களம் என்று அடித்து அனுப்பினாள். நெட்டு நத்தை மாதிரி ஊர்ந்தது, போகவில்லை. மறுபடி அனுப்பினாள். போகவில்லை. "இன்னொரு தடவ அமுக்கும்மா, அங்கன சகலை காத்துக்கிட்டு இருப்பாவ" என்று நான்தான் சொன்னேன். மூன்றாவது தடவை அமுக்கியதும் மூன்றும் ஒன்றாகப் போய் விழுந்தன, அதோடு நெட்டும் நின்றுவிட்டது. எங்கே விழுந்தன?

நீங்கள் ஒரு வாரம் கண்விழித்து, மாரித்தாய் பேரில் சொந்தமாக விருத்தம் எழுதி, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பாட்டு எழுதி, ஆறு முப்பத்தொன்றுக்குப் போட்டிருக்கிறீர்கள். அதன் காலடியில் என்னுடைய மங்களம், மங்களம், மங்களம். பிடிக்காத கூத்தாடியை மேடையை விட்டு இறக்குவதற்கு முன்வரிசைக்காரன் கத்துவானே, அச்சு அசல் அதே மாதிரி. அதோடு போயிற்றா? விதி விதிதான் என்று சங்கிலிப்பாண்டி தானும் ஒரு மங்களம் போட்டுவிட்டு லாரிக்குக் காற்றடிக்கப் போய்விட்டார். அவரைப் பார்த்து ஷார்ஜா போயிற்று. சிங்கப்பூர் போயிற்று. இரண்டு நிமிஷத்தில் கொட்டகை காலி. நீங்களும் உங்கள் பாட்டும் மட்டும் உட்கார்ந்திருந்தீர்கள் என்று மறுநாள் சங்கிலிப்பாண்டி போனில் சொன்னபோது, சகலை, எனக்கு அழுகை வந்துவிட்டது. சிரிப்பும் வந்தது என்பதை மறைக்கவில்லை. ஆனால் முதலில் வந்தது அழுகைதான்.

அந்த விருத்தத்தைச் சங்கிலிப்பாண்டி உமாதேவிக்கு அனுப்பிவைக்க, அவள் அச்செடுத்துக் கொடுத்தாள். சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். பருத்தி வெடித்தது போலச் சிரித்தாள் என்று மூன்றாவது வரியில் எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்துவிட்டு எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்து மறுபடி மறுபடி படித்தேன். இப்படி எழுதத் தெரிந்த ஆள் ஸ்டோர் கீப்பராக மஸ்கட்டில் இரும்புக் குழாய் எண்ணிக்கொண்டிருக்கிறாரே என்று நினைத்தேன். இரண்டாவது வரியில் ஒரு சீர் தட்டுகிறது, அதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

இதெல்லாம் பரவாயில்லை. என்னைத் தூக்கிப்போட்டது வேறு. சனிக்கிழமை உங்கள் வீட்டு முத்துசெல்வி கயத்தாற்றிலிருந்து தன் அக்கா ராதாமணிக்குப் போன் பண்ணி, "அவிய இந்த வருசம் கோவில்பட்டியில இறங்க மாட்டாவளாம். நேரா திருநெல்வேலி போயிட்டு, அங்கன இருந்து திரும்பி வாராவளாம்" என்று சொல்லியிருக்கிறாள். பதினெட்டு வருஷமாக நீங்கள் லீவில் வரும்போதெல்லாம் சென்னை வண்டி வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே நான் பிளாட்பாரத்தில் நிற்கிறேன். உங்கள் பெட்டியை நான் தூக்க, நீங்கள் பிடுங்க, அப்படியே வீட்டுக்கு வந்து முதல் சோறு ராதாமணி கையால் சாப்பிட்டுவிட்டுத்தான் கயத்தாற்றுக்குப் போவீர்கள். இந்தச் சித்திரையில் நான் பிளாட்பாரத்தில் நிற்க, நீங்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு என்னைத் தாண்டிப் போவதா? அப்படிப் போய்விட்டு முப்பது கிலோமீட்டர் திரும்பி வருவதா? முழங்காலையாவது நினைத்துப் பார்க்க வேண்டாமா?

ராதாமணி போனை வைத்துவிட்டு நேரே என்னிடம் வந்தாள். பிறகு ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். "எந் தங்கச்சி மாப்பிள்ள இந்த வாசப்படி ஏறலன்னா, நீங்க அந்த ராஜபார்ட்டுகிட்டயே போய்ச் சோறு கேளுங்க." உச்சிமாகாளி காலமாகி ஒன்பது வருஷம் ஆகிறது. அவள் சொன்னதன் அர்த்தம் உங்களுக்குப் புரியும்.

ஆகவே என் முழு மனதோடு எழுதித் தருகிறேன். 1983-ஆம் வருஷம் எப்போதும்வென்றான் கொடையில் நடந்த தர்க்கத்தில் ஜெயித்தது ஸ்திரீபார்ட் மாரித்தாய்தான். கடைசிக் கேள்விக்கு அவர் பதில் சொன்னார். நானே என் இரண்டு காதாலும் கேட்டேன். வேண்டுமானால் இந்தக் காகிதத்தைக் குழுவில் எல்லாருக்கும் காட்டுங்கள். என்னைத் திரும்பச் சேர்த்தாலும் சரி, சேர்க்காவிட்டாலும் சரி. ஏப்ரல் பதினெட்டாம் தேதி கோவில்பட்டியில் இறங்கினால் போதும். மாலை ஆறரைக்கு நடக்கிற அந்த ஒரு மணி நேரப் பேச்சுக்காகத்தான் நான் மதியமே வெளுத்த சட்டையை எடுத்து வைக்கிறேன் என்பதை இதுவரை உங்களிடம் சொன்னதில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

முத்துசெல்விக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசீர்வாதம் கயத்தாற்றுக்குத் தனியே போய்ச் சேரும். உங்களுக்கு நல்ல தூக்கமும், நல்ல தண்ணீரும், சீக்கிரமே லீவும் கிடைக்க அம்மன் அருள் புரியட்டும். செவ்வாய்க்கிழமை பாக்கிக்காக ஒரே ஒரு தடவை, நன்றாகப் பார்த்து, இங்கே போடுகிறேன்.

மங்களம்.

இப்படிக்கு,
உங்கள் மேல் மாறாத பிரியமுள்ள
கண்ணபிரான்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் ராதாமணியிடம் படித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே வந்தவள், நானே என் இரண்டு காதாலும் கேட்டேன் என்கிற இடத்தில் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். பிறகு சொல்கிறாள், அன்றைக்கு அந்தத் தர்க்கம் முடியவே இல்லையாம். கடைசிக் கேள்வியை உச்சிமாகாளி பாடி முடித்ததும் மிருதங்கம் அடித்த அடியில், பக்கத்துக் காட்டில் உரத்துக்குக் கிடை போட்டிருந்த ஆடுகள் மிரண்டு, பட்டியை முறித்துக்கொண்டு கொட்டகைக்குள் வந்துவிட்டனவாம். பாதி ஊர் ஆடு பிடிக்க ஓட, மாரித்தாய் மேடையில் ஒரு குட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க, அப்படியே பொழுது விடிந்துவிட்டதாம். பதிலும் இல்லை, தலைப்பாகையும் இல்லை, மங்களமும் இல்லை. நாம் இரண்டு பேரும் எங்கே இருந்தோம் என்று கேட்டேன். "நீங்க அவிய தோள்லயும் அவிய ஒங்க தோள்லயும் சாஞ்சு ஒறங்குனிய. ஆடு தாண்டிப் போனதுகூடத் தெரியல. நானும் முத்துசெல்வியும்தான் சாக்கப் போத்திவிட்டோம்" என்கிறாள். காலையில் எழுந்து, விடிய விடியப் பார்த்ததுபோல நாம் ஒருவரை ஒருவர் ஏமாற்றி, தர்க்கத்தைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டே ஊருணிக்கு நடந்தோமாம். அதைப் பார்த்து, கிடக்கட்டும், இவியளுக்கு ஒரு பேச்சுத் துணையாச்சு என்று அக்காளும் தங்கையும் விட்டுவிட்டார்களாம்.

நான் கண் அசந்தது உண்மை. நீங்கள் விழித்திருக்கிறீர்கள் என்று நம்பித்தான் அசந்தேன். ஆகவே மேலே மாரித்தாய் ஜெயித்ததாக எழுதிக் கொடுத்ததை அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளவும். ஆனால் சகலை, இதைக் குழுவில் யாரிடமும் மூச்சு விடவேண்டாம். தெரிந்துபோனால் மாலை ஆறரைக்கு நாம் எதைப் பற்றிப் பேசுவது?