டுவல் கோர் மாப்பிள்ளை

மலிவான டுவல் கோர் கம்ப்யூட்டரில் கேம் தடங்கலில்லாமல் ஓட வேண்டுமென்றால், முதலில் விட வேண்டியது வெட்கத்தை. நான் அதை விட்டேன். கூடவே, எனக்கென்று பார்த்திருந்த பெண்ணையும் ஏறக்குறையக் கோட்டைவிட்டிருப்பேன்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. ரிங்லெட் என்ற மலை ஊருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஃபேக்டரியில் கொழுந்து வாட்டும் பகுதியில் வேலை. தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிக் கொடுத்த லயத்து வீட்டில் நானும் அம்மாவும்தான். மூன்றாவதாக ஒரு பழைய கம்ப்யூட்டர். பக்கத்து டவுன் தானா ராத்தாவில் அதை விற்றவர், "ஆபீஸ் வேலைக்கு இது தாராளமா போதும் லா" என்றார். நான் அதில் ஒரு நாளும் ஆபீஸ் வேலை செய்யவில்லை. கார் ரேஸ் விளையாடினேன்.

விளையாடினேன் என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். கார் ஓடும், நிற்கும், யோசிக்கும், பிறகு பார்த்தால் பள்ளத்தில் கிடக்கும். ஆகவே வைத்தியத்தில் இறங்கினேன். படத்தின் அளவைக் குறைத்தேன். நிழலை எடுத்தேன். அப்புறம் புல், மரம், ஓரத்தில் நின்று கைதட்டும் ஜனங்கள் என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கட்டினேன். கடைசியில் அந்த உலகத்தில் ஒரு ரோடும் சில கார்களும்தான் மிச்சம். (என் காருக்கு முன் கண்ணாடிகூடக் கிடையாது.) ஓரளவு ஓடியது. வளைவுகளில் மட்டும் படம் அப்படியே உறைந்து நிற்கும்.

மேலும் இரண்டு உண்மைகளைக் கண்டுபிடித்தேன். பெட்டி சூடானால் வேகம் குறையும். அதனால் பக்கத்து மூடியைக் கழற்றி, ஜன்னலோரம் வைத்து, ஜன்னலை அகலத் திறந்துவிட்டேன். மலைக் குளிர் சும்மா கிடைக்கும்போது இன்னொரு விசிறி எதற்கு? அடுத்தது, எங்கள் வீட்டு வயரிங் பழசு. அம்மா கரண்ட் கெட்டிலைப் போட்டால் கம்ப்யூட்டர் படுத்துவிடும். ஆகவே நான் விளையாடும்போது கெட்டிலுக்குத் தடை. அம்மா முணுமுணுத்துக்கொண்டே கேஸ் அடுப்பில் தண்ணீர் வைப்பார்.

இந்த நிலையில்தான் ரேவதியின் சம்பந்தம் வந்தது. கோலா தெர்லாவில் அவள் அப்பாவுக்குத் தக்காளித் தோட்டம். மேட்டிலிருந்து மெயின் ரோடுவரை தக்காளிக் கூடைகளை ஒரு பழைய ஜீப்பில் இறக்கிக்கொண்டு வருவது அவள் வேலை. மூன்று வாரம் போனில் எழுதிக்கொண்டோம். நான் பத்து வரி எழுதினால் அவள் ஒரு வரி எழுதுவாள். அந்த ஒரு வரியை நான் பத்து தடவை படிப்பேன். எனக்கு அவளை மிகவும் பிடித்துவிட்டது. ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் கைநழுவிப் போயிருந்ததால் பயமும் இருந்தது.

ஒருநாள் அவள், மாமா மகன் வீட்டில் கார் கேம் விளையாடியதாக எழுதினாள். என் விரல் என்னைக் கேட்காமலே பதில் அடித்தது: "என் கம்ப்யூட்டர்ல எல்லாமே ஹை செட்டிங்தான். வெண்ணெய் மாதிரி ஓடும்."

பதில் வந்தது: "வீடு பாக்க வரும்போது ஓட்டிக் காட்டுங்க."

பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வரும் ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. காலையில் அம்மா, "டேய், கேஸ் முடிஞ்சிருச்சு. போயி புது தோங் தூக்கிட்டு வா" என்றார். "இதோ போறேம்மா" என்றேன். போகவில்லை. பெட்டிக்குள் தூசி துடைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஜீப் சத்தம் கேட்டபோதுதான் காலி சிலிண்டர் ஞாபகம் வந்தது.

ரேவதியும் அவள் அப்பா அம்மாவும் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். அவர்களோடு பனியும் ஜன்னல் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்தது. அவள் அப்பா ஜாக்கெட் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்தார். அவள் அம்மா முந்தானையால் தலையை மூடிக்கொண்டார்.

"தம்பி, அந்த ஜன்னல சாத்தலாமா?"

"வேணாம் மாமா. காத்தோட்டம் உடம்புக்கு நல்லது."

அம்மா சமையலறை வாசலில் நின்று கெட்டிலைக் காட்டிச் சைகை செய்தார். நான் தலையை ஆட்டி மறுத்தேன். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் அம்மா ஆரஞ்சு சிரப்பைப் பச்சைத் தண்ணீரில் கலக்கி, புதுக் கண்ணாடி டம்ளர்களில் கொண்டுவந்தார். ரேவதியின் அப்பா டம்ளரை வாங்கி, அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தேயிலத் தோட்டத்துல தேத்தண்ணி கெடைக்காதா?" என்று மனைவியிடம் மெல்லக் கேட்டார். மெல்லத்தான் கேட்டார், எல்லோருக்கும் கேட்டது.

நான் விளையாட உட்கார்ந்தேன். ரேவதி நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டாள்.

"மரமெல்லாம் எங்க?"

"வெட்டிட்டாங்க."

"நெழலு?"

"மேகமூட்டம்."

"கைதட்டுற ஜனங்க?"

"இன்னிக்கு லீவு."

முதல் வளைவு வந்தது. படம் உறைந்தது. மீண்டும் அசைந்தபோது கார் பள்ளத்தில் கிடந்தது. "லைன் சரியில்ல" என்றேன்.

"இது நெட் இல்லாம ஓடுற கேம்தானே?" என்றாள். என் காது சுட்டது. "கொஞ்சம் நகருங்க."

அவள் ஓட்ட ஆரம்பித்தாள். வளைவில் படம் நின்றது. அவள் நிற்கவில்லை. "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணி, இருட்டில் சுவிட்சைத் தேடுவதுபோல் கீபோர்டு பொத்தானை லேசாகத் தட்டினாள். படம் திரும்பியபோது கார் ரோட்டில் இருந்தது. அடுத்த வளைவும் அப்படியே.

"எப்படிங்க?" என்று வாயைப் பிளந்தேன்.

"எங்க ஊர்ல பனி எறங்குனா முன்னால போற லோரியோட லைட்டே தெரியாது. ரோட்ட மனசுல வச்சுக்கிட்டுத்தான் திருப்புவேன். இதாவது அப்பப்ப தெரியுது."

ஒவ்வொரு காராக முந்தினாள். கடைசிச் சுற்று, கடைசி வளைவு. முன்னால் ஒரே ஒரு கார். நான் எதற்காக உட்கார்ந்திருக்கிறேன் என்பதே மறந்து, "அடிங்க, அடிங்க!" என்று கத்தினேன்.

திரை கறுத்தது. சமையலறையிலிருந்து கெட்டிலின் சீறல் கேட்டது.

"அம்மா!"

"என்னடா அம்மா? வந்தவங்க வெறச்சுப் போறாங்க, நீ பொட்டியக் கட்டிக்கிட்டு அழுவுற!" என்ற அம்மா, பெண் வீட்டார் பக்கம் திரும்பி, ஜன்னல், கேஸ் தோங், கெட்டில் தடை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார். மரங்களை வெட்டியது யார் என்பதை நானே ஒப்புக்கொண்டேன். ரேவதியின் அம்மா எழுந்து போய் ஜன்னலைப் படாரென்று சாத்தினார்.

தேத்தண்ணி வந்தது. எல்லோரும் குடித்தார்கள். பிறகு அவள் அப்பா எழுந்து, "சரி லா, வீட்டுக்குப் போயிட்டு போன் பண்றோம்" என்றார். முந்தைய இரண்டு சம்பந்தமும் இதே வாக்கியத்தோடுதான் வாசல் தாண்டின. அம்மா டம்ளர்களை எடுக்கக் குனிந்தவர் நிமிரவே இல்லை. அம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

ரேவதி மட்டும் எழவில்லை.

"போன் எதுக்குப்பா? உக்காந்ததுலேர்ந்து இவரு நாலஞ்சு பொய் சொல்லிட்டாரு. ஒண்ணுகூட அஞ்சு நிமிசம் நிக்கல. ஒவ்வொண்ணுக்கும் காது செவந்துபோச்சு. இவரக் கட்டிக்கிட்டா எனக்கு எதையும் துருவிக் கேக்குற வேலையே இல்ல. எனக்குச் சம்மதம்."

அவள் அப்பா என்னைப் பார்த்தார். என் காதுகளைப் பார்த்தார். மெதுவாக மீண்டும் உட்கார்ந்து, "இன்னொரு தேத்தண்ணி கெடைக்குமாம்மா?" என்று அம்மாவிடம் கேட்டார். நான் தோங் வாங்க ஓடினேன். என்னால் அங்கே உட்கார முடியவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

கல்யாணமாகி ஐந்து வருடமாகிறது. அன்றிலிருந்து எங்கள் இரு பக்கத்து உறவிலும் யாருக்கு மாப்பிள்ளை பார்க்கப் போனாலும் ரேவதியை ஜீப்பில் முன்சீட்டில் உட்காரவைத்து அழைத்துப்போகிறார்கள். அவள் பையனிடம் சம்பளமோ படிப்போ கேட்பதில்லை. எதிரே உட்கார்ந்து, சிரித்த முகத்தோடு அவனைப் பெருமையடிக்க விடுகிறாள். கூசாமல் அளப்பவன் வீட்டில் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழுந்துவிடுகிறாள்.

போன மாதம் தானா ராத்தாவில் ஒரு பையன், "சோறு, கறி எல்லாம் நானே ஆக்குவேங்க்கா" என்றான். சொல்லிவிட்டுத் தன் அம்மாவைப் பார்த்துத் திருட்டு முழி முழித்தான். ரேவதி பெண்ணின் அப்பா பக்கம் திரும்பினாள்.

"முடிச்சிருங்க சித்தப்பா," என்றாள். "தங்கமான பையன்."