தலைக்கு மேல் தொங்கும் கிளை விஷயமாக

செஞ்சி,
காலனி.

அன்பு மகன் பீமாராவுக்கு அம்மா பூவாயி ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நான் சுகம், ஆடு சுகம், வாசல் வேப்பமரம் மட்டும் சுகமில்லை. ஓசூரில் நீயும் ஜெயஸ்ரீயும் பேத்தி தமிழினியும் சுகமாகத்தான் இருப்பீர்கள், இல்லையென்றால் இந்நேரம் எனக்குப் போன் வந்திருக்கும். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்ததும் "மீட்டிங்ல இருக்கிறேம்மா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தைக் கீழே வைத்தாலும் மறுபடி எடுக்கும்போது விட்ட இடத்திலேயே நான் இருப்பேன்.

போன மாதக் காற்றில் வேப்பமரத்தின் பெரிய கிளை முறிந்து, கீழேயும் விழாமல் மேலேயும் நிற்காமல், பட்டையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு நேராகத் தொங்குகிறது என்று அன்றைக்கே சொன்னேன். நீ என்ன சொன்னாய்? உனக்குத்தான் மறதி, எனக்குக் கிடையாது. "தொரட்டி போட்டு இழுக்காதம்மா, ஏணி சாத்தாத, கரண்ட் ஒயர் பக்கம் போகாத, ஆள வெச்சு கயிறு கட்டித்தான் எறக்கணும். அதுவரைக்கும் யாரும் கீழ வராம, பளிச்சுன்னு கண்ணுல படுறாப்பல ஏதாவது கட்டி வை" என்றாய். வீட்டில் பளிச்சென்று இருந்தது உன் பெண்டாட்டி பொங்கலுக்கு எடுத்துக்கொடுத்த மஞ்சள் புடவை ஒன்றுதான். அதை நான் உடுத்தவில்லை என்று அவளுக்கு வருத்தம் என்றாயே, மரத்துக்கு உடுத்தினேன். வழியை மறிக்க மூன்று செங்கல்லை நட்டு, தூரத்திலேயே தெரியட்டும் என்று சிவப்புப் பெயிண்டும் அடித்தேன்.

நீ படித்தவன், நீயாவது யோசித்திருக்க வேண்டாமா. மறுநாள் அமாவாசை.

மேல்மலையனூர் அம்மன் கோயில் ஸ்பெஷல் பஸ்ஸையெல்லாம் நெரிசல் என்று நம் காலனி வழியாகத் திருப்பிவிட்டார்கள். ஒரு பஸ் டீ குடிக்க நின்றது. ஒருத்தி இறங்கி வந்தாள், மஞ்சள் புடவையைப் பார்த்தாள், சிவப்புக் கல்லைப் பார்த்தாள், கன்னத்தில் போட்டுக்கொண்டு ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்தாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி சூடம் கொளுத்தினாள். நான் அப்போதுதான் தலைக்குத் தண்ணீர் ஊற்றியிருந்தேன், அவிழ்ந்த தலையோடு ஓடிவந்து, "ஏய், அந்தாண்ட போங்கடி, தலைமேல உழுந்தா செத்துடுவீங்க" என்று கத்தினேன். அத்தனை பேரும் என் காலில் விழுந்தார்கள். "இன்னா குத்தம் பண்ணோம், சொல்லு தாயே" என்று ஒருத்தி என் மூஞ்சியில் மஞ்சத்தண்ணி அடித்தாள். நான் கத்தக் கத்தக் கூட்டம் கிளைக்குக் கீழேதான் சேர்ந்தது. வாயை மூடிக்கொண்ட பிறகுதான் கலைந்தார்கள்.

மரம் வெட்டும் விநாயகத்தைக் கூப்பிட்டேன். கயிறும் ரம்பமுமாக வந்தவன் தெருமுனையிலேயே செருப்பைக் கழற்றிவிட்டான்.

"ஆயா, மரத்துல அவ ஏறிட்டா. இனிமே நான் ஏறமாட்டேன்."

"அவளும் இல்ல இவளும் இல்லடா, அது எம் மருமக பொடவ."

"பொடவ யாருதா இருந்தா இன்னா ஆயா, இப்ப கட்டிக்கினு இருக்கறது யாரு?"

கும்பிட்டுவிட்டுப் போய்விட்டான். நானே புடவையை அவிழ்க்கப் போனால் தெருவே திரண்டு என் கையைப் பிடிக்கிறது.

இதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஊர்த்தெரு சுந்தராம்பாள் வர ஆரம்பித்துவிட்டாள். உனக்குத் தெரியாது, நீ அப்போது என் வயிற்றில். அவள் கழனியில் நடவு நட்டு நா வறண்டு தண்ணீர் கேட்டேன். சொம்பை எட்டத் தூக்கி என் கையில் ஊற்றினாள். முழங்கை நனைந்தது, தொண்டை நனையவில்லை. அன்றைக்கு அவள் கட்டியிருந்தது கத்திரிப்பூக் கலர் புடவை, சிரித்தபோது மேல்பல்லில் வெற்றிலைக் கறை. இத்தனை வருஷத்தில் நம் தெருவில் அவள் நிழல்கூட விழுந்ததில்லை. இப்போது வெறுங்காலோடு வந்து, பேரனுக்குப் பெண் அமையவில்லை என்று, கிளைக்கு நேர் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்து முணுமுணுக்கிறாள். மேலே கிளை கிரீச்சென்கிறது. அதை உத்தரவு என்று நினைத்துத் தலையாட்டுகிறாள். "தள்ளி உக்காரும்மா" என்றால், "ஏ பூவாயி, சாமி உனுக்கு மட்டுமா சொந்தம்?" என்கிறாள்.

அவள் மண்டை பிளந்தால் நான் அழமாட்டேன், அது வேறு விஷயம். ஆனால் நம் வாசலில் பிளந்தால் மரம் விழுந்தது என்று ஒருவனும் சொல்லமாட்டான், காலனிக்காரி கொன்றுவிட்டாள் என்பான். போலீஸ் உன் ஆபீஸ் வரைக்கும் வரும். ஆகையால் கடிதம் கண்டதும் அங்கேயிருந்தே ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு வா. கிளையை இறக்கு, புடவையை அவிழ், கல்லைப் பிடுங்கி எறி. உனக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டு, சுவரில் சாமி படம் எதுவும் இல்லாமல், அந்தப் பெயர்க்காரர் கோட்டுப் போட்டு நிற்கும் ஒரே ஒரு படத்தை மட்டும் உன் நைனா மாட்டிய வீடு இது. இதன் வாசலில் சூடம் எரிந்தால் அவர் என் கனவில் வந்து கேட்பார்.

ஜெயஸ்ரீக்கு என் ஆசி, புடவை விஷயத்தைச் சொல்லாதே. தமிழினி நன்றாகப் படிக்கட்டும். நீ நூறு வயசு இருக்க வேண்டும், அதில் ஒரு நாளாவது இங்கே வர வேண்டும்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற பூவாயி

பி.கு.: வர வேண்டாம். இதைத் தபாலில் போடக் கிளம்பினால், சுந்தராம்பாள் மறுபடி அடியில் உட்கார்ந்திருக்கிறாள், கிளை ஒரு முழம் இறங்கியிருக்கிறது. எனக்கு வேறு வழி தெரியவில்லை. தலையை அவிழ்த்துப்போட்டு ஓர் ஆட்டம் ஆடினேன். "எந்தலைமேல பாரம் தாங்கலடா, அந்தக் கொம்ப எறக்குங்கடா, ஒருத்தரும் கிட்ட வராம ரோட்டுக்கு அந்தாண்ட நில்லுங்கடா" என்றேன். முதலில் ஓடியவள் சுந்தராம்பாள். கூட்டத்தில் கும்பிட்டு நின்ற லைன்மேனுக்கும் உத்தரவு போட்டேன், கரண்ட்டை நிறுத்தினான். விநாயகம் தானாக வந்து ஏறினான். மேலே பலமான கவட்டையில் கயிறு போட்டுக் கிளையைக் கட்டி, முதலில் அடிப்பக்கம் கொஞ்சம் அறுத்து, அப்புறம் மேல்பக்கம் அறுத்து, பிள்ளையைத் தொட்டிலில் விடுவது போல இறக்கினான். எல்லாம் நீ போனில் சொன்னதுதான். சாமி சொன்னால் கேட்கிறார்கள்.

முடிந்ததும் சுந்தராம்பாள் வந்து, "எனுக்கு இன்னா உத்தரவு தாயே" என்றாள். எனக்கு மறதி கிடையாது என்று முன்பே எழுதியிருக்கிறேன். "பூவாயி வூட்டு சொம்புல, வாய் வெச்சு, ஒரு சொம்பு தண்ணி குடி" என்றேன். குடித்தாள். அடிவரைக்கும் குடித்தாள்.

கல்லும் புடவையும் இருக்கட்டும். உன் நைனா கனவில் வந்தால் நான் பேசிக்கொள்கிறேன். செவ்வாய்க்கிழமை சுந்தராம்பாளின் கொழுந்தன் அரிகிருஷ்ணன் வருகிறானாம், ஊர்த்தெருவில் உன் நைனாவைச் சைக்கிளிலிருந்து இறக்கித் தள்ளிக்கொண்டு போகச் சொன்னவன். இப்போது பெரிய கார் வைத்திருக்கிறான். அவனுக்கு என்ன உத்தரவு போடலாம் என்று யோசித்துச் சொல். போன் செய்தாலும் சரி, நான் மீட்டிங்கில் இல்லாவிட்டால் எடுக்கிறேன்.