காந்தப்புலத்துக்குப் பட்டா

பெரியசாமியின் மகள் தேவயானி விண்வெளி ஆராய்ச்சியாளர். செயற்கைக்கோள்கள் அனுப்பும் காந்த அளவுகளைத் தரையில் எடுத்த அளவோடு ஒப்பிட, லாரிகளின் இரும்பு குறுக்கிடாத, ரோட்டை விட்டுத் தள்ளிய இடம் ஒன்று அவளுக்கு வேண்டியிருந்தது. பெரம்பலூர்ப் பக்கம் அப்பாவின் மக்காச்சோளக் காடு பொருத்தமாகப் பட்டது. கருவி வைக்க அனுமதி கேட்டுத் தாலுகா ஆபீசில் மனுக் கொடுத்தாள்.

'பூமிக்கு அருகே காந்தப்புலத்தில் துணைப்புயலால் ஏற்படும் இடையூறுகளைச் செயற்கைக்கோள் கண்டறிந்துள்ளது' என்று மனு தொடங்கியது.

தாசில்தார் தமிழ்மாறன் கடமை தவறாதவர். நிலம் அளக்கிற ஆபீசில் புலம் என்றால் வயல். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"புல எண் என்னம்மா?"

"அது நெலம் இல்லைங்க சார். பூமியைச் சுத்தி இருக்கிற காந்த சக்தி."

"சரி, இடையூறு பண்றது யாரு?"

"சூரியன்லேருந்து வர்ற காத்துங்க. நம்ம புலத்தை ராத்திரிப் பக்கமா வால் மாதிரி இழுத்துட்டுப் போகும். இழுபட்டது வெடுக்குன்னு திரும்புறப்ப துணைப்புயல் வரும்."

"துணைப்புயலா? அப்ப புயல் லீவுல இருக்கா?"

தாசில்தார் எழுதினார்: 'எதிர்மனுதாரர் சூரியன். தகப்பனார் பெயர் தெரியவில்லை. இரவில் புலத்தை இழுத்துச் சென்றதாகப் புகார்.'

"நோட்டீஸ் அனுப்புங்க."

உதவியாளர் கண்ணையன் பதறினார். "வேணாங்க சார். அந்தப் பேருக்கு நோட்டீஸ் போட்டா நம்மளத்தான் டிரான்ஸ்பர் பண்ணுவாங்க."

"சரி. புலம் எதுவரைக்கும்மா போகுது?"

"பூமி முழுக்கங்க சார்."

"நம்ம தாலுகாவும் அதுக்குள்ளதானே?"

மறுநாள் உத்தரவு வந்தது. மேற்படி புலத்தின் தகராறு தீரும்வரை தாலுகா முழுவதும் பட்டா மாறுதல் நிறுத்தி வைக்கப்படுகிறது.

மகள் கல்யாணத்துக்கு நிலம் விற்க இருந்த பரிமளா நேரே பெரியசாமி வீட்டுக்கு வந்து கத்தினாள். "ஏண்ணே, ஒம் மவ ஆகாசத்துல கண்டுபிடிச்சத ஆகாசத்துலயே வச்சிருக்கக் கூடாதா?"

தேவயானி கூனிக்குறுகிப் போனாள். மனுவைத் திரும்பப் பெற ஓடினாள்.

"மனுவ வாபஸ் வாங்கலாம். புலத்தை வாபஸ் வாங்க முடியுமா?" என்றார் தாசில்தார்.

"துணைப்புயல் ஓய்ஞ்சிருச்சு சார். செயற்கைக்கோள் வரைபடத்துல கோடு நேராயிருச்சு, பாருங்க" என்று போனை நீட்டினாள்.

"இதுல பச்சை மையில கையெழுத்தைக் காணுமே?"

அவள் அழும் நிலைக்கு வந்துவிட்டாள். "அது யாருக்குமே சொந்தமில்லைங்க சார்!"

தாசில்தார் முகம் மலர்ந்தது. "இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே! யாருக்கும் சொந்தமில்லைன்னா புறம்போக்கு."

வழக்கு முடிந்தது. பட்டா மாறுதல் மீண்டும் தொடங்கியது. அரசுப் புறம்போக்கில் தனியார் கருவி வைப்பது ஆக்கிரமிப்பு என்று தேவயானிக்கு மட்டும் அனுமதி மறுத்தார்கள். புறம்போக்கு என்ற செய்தி பரவியதும், காந்தப்புலத்தில் இலவசப் பட்டா கேட்டு ஜெயங்கொண்டத்திலிருந்தெல்லாம் பஸ் ஏறி வந்தார்கள். வரிசையில் முதலில் நின்றவள் பரிமளா.

பெட்டி கட்டிக்கொண்டிருந்த மகளிடம் பெரியசாமி மெதுவாகச் சொன்னார். "நானும் ஒரு மனுப் போட்டுட்டேம்மா."

"அப்பா, அது கண்ணுக்கே தெரியாதுப்பா!"

"பட்டா தெரியும்ல."

தேவயானி தலையில் அடித்துக்கொண்டாள். பெட்டியை மூடினாள். வாசல்வரை போனவள் நின்று, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"ரோட்டுப் பக்கமாவாப்பா கேட்டிருக்கீங்க?"