ராஜாளிக் குஞ்சுக்காக நான் அழுதது

பைனாகுலர் வாங்கிய மனிதனுக்கு முதலில் வரும் கோளாறு, தன் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்ற நம்பிக்கைதான். எனக்கு அது முற்றிப்போய் ஒரு பழைய டெலஸ்கோப்பும் வாங்கியிருந்தேன்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் எனக்குத் தரம் பார்க்கும் வேலை. வருகிற தோலை வெளிச்சத்தில் விரித்து, கீறல், உண்ணி கடித்த தழும்பு என்று குறை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் பறவை பார்ப்பேன். ஊருக்கு வெளியே ஒரு குன்றின் செங்குத்துப் பாறையில் ராஜாளி ஜோடி ஒன்று கூடு கட்டியிருந்தது. அதைக் கண்காணிக்கும் பொறுப்பை எங்கள் பறவைக் குழு எனக்கும், உடன் வேலை பார்க்கும் இம்தியாஸுக்கும் கொடுத்திருந்தது. கண்காணிப்பது என்றால் கிட்டே போகாமல் எதிர்ச் சரிவில் உட்கார்ந்திருப்பது. (உட்காரத் தெரிந்தால் போதும். அதிலும் நான் சுமார்தான்.)

சிக்கல் மாசி மாதத்தில் வந்தது. அடிவாரத்து அம்மன் திருவிழாவுக்கு வாணவேடிக்கையை அந்தக் கூட்டுக்கு நேர் மேலே இருந்த மொட்டைப் பாறையில்தான் வைப்பார்கள். வெடிச் சத்தத்தில் தாய்ப் பறவை கூட்டை விட்டுப் போய், திரும்பி வராமலே இருந்துவிட்டால் குஞ்சு பிழைக்காது. கோயில் தர்மகர்த்தா முனிரத்தினத்திடம் போய், இந்த வருஷம் வேடிக்கையை ஏரிப் பக்கம் மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். அவர் மறுக்கவில்லை. குஞ்சு இருக்கிறதா, முட்டைதானா என்று மட்டும் விசாரித்தார்.

குஞ்சேதான் என்றேன். கொழுகொழுவென்று, வெள்ளை வெளேரென்று இருக்கிறது, காற்று வந்தால் தலையை ஆட்டுகிறது என்று வர்ணித்தேன். (காற்று வந்தால் மட்டும் ஏன் ஆட்டுகிறது என்று அவரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.) நேரில் காட்டினால் கமிட்டியில் பேசுவதாகச் சொன்னார்.

அடுத்த ஞாயிறு காலை கமிட்டி ஆட்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள் எல்லோரும் எதிர்ச் சரிவுக்கு வந்துவிட்டார்கள். என் மனைவி எஸ்தரும் வந்திருந்தாள். வேலூரில் பிரசவ வார்டில் நர்ஸ். புருஷன் வாராவாரம் எங்கே போகிறான் என்று பார்த்துவிட்டுப் போகலாமென்று வந்தவள். நான் டெலஸ்கோப்பைக் கூட்டுக்குத் திருப்பி வைத்துவிட்டு, தாய்மை பற்றிச் சின்னதாக ஒரு பிரசங்கம் செய்தேன். ராஜாளி தன் குஞ்சை உயிரைக் கொடுத்துக் காக்கும் என்றேன். இரண்டு பெண்கள் நெகிழ்ந்துகூடப் போனார்கள்.

முனிரத்தினம் குனிந்து கண்ணை வைத்தார். குமிழை இப்படியும் அப்படியும் திருகினார். பிறகு கண்ணை எடுக்காமலே, நிதானமாகச் சொன்னார்.

"சார், அம்மாவே புள்ளையத் தூக்கிக் கீழ போட்டுடுச்சு."

நான் பைனாகுலரை எடுப்பதற்குள் அந்த வெள்ளை உருவம் பாறையில் மோதி, உருண்டு, அடிவாரப் புதரில் மறைந்துவிட்டது. தாய் அலகைக் கூட்டில் துடைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தது. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அடுத்து நான் செய்ததைச் சொல்லாமல் விட்டுவிடலாம். ஆனால் பார்த்தவர்கள் ஜாஸ்தி. அழுதேன். மூக்கு ஒழுகுகிற, தோள் குலுங்குகிற அழுகை. முனிரத்தினம் தன் துண்டைக் கொடுத்தார். ஒரு அம்மாள் என் முதுகைத் தடவி, மனதைத் தேற்றிக்கொள்ளச் சொன்னார்.

எஸ்தர் அழவில்லை. உயிர் இருக்கிறதா என்று பார்க்கலாமென்று இம்தியாஸைக் கூட்டிக்கொண்டு புதர்ப் பக்கம் இறங்கிப் போனாள். திரும்பி வரும்போது இம்தியாஸ் யார் முகத்தையும் பார்க்காமல் பின்னால் வந்தான். எஸ்தர் கையில் இருந்ததை என் மடியில் வைத்தாள்.

"உங்க கொழந்தைய வாங்கிக்குங்க."

முடியோடு ஒரு ஆட்டுத்தோல் துண்டு. எந்தக் குப்பைமேட்டிலிருந்தோ ராஜாளி கொண்டுபோயிருக்க வேண்டும். பழக்கதோஷத்தில் நான் அதைத் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்து, விரலால் நீவிப் பார்த்தேன். ஓரத்தில் ஒரு உண்ணித் தழும்புகூட இருந்தது. முனிரத்தினம் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னா சார், தோல் கம்பெனியிலதானே வேலைன்னு சொன்னீங்க?"

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் கொடுமை. எல்லோரும் சாவு வீட்டிலிருந்து போவது மாதிரி சத்தமில்லாமல் கலைந்து போனார்கள். வேடிக்கை மொட்டைப் பாறையில்தான், கூடு அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மறுபடி போய்க் கெஞ்ச எனக்கு முகமில்லை.

திருவிழாவன்று வெடிச் சத்தம் ஏரிப் பக்கமிருந்து கேட்டது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. மாடிக்குப் போய்ப் பார்த்தேன். மத்தாப்பு வெளிச்சம் ஏரி மேல்தான் இருந்தது. பிறகு ஒரு நாள் நிஜமான குஞ்சே கூட்டின் விளிம்புக்கு வந்து நின்றது. அழுக்கு வெள்ளை, ஒல்லி. இம்தியாஸும் எஸ்தரும் பார்த்து உறுதி செய்யும்வரை நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. அது பறந்து போனபின்தான் குழுவுக்கே சொன்னேன்.

இன்றுவரை வேடிக்கை ஏரிப் பக்கம்தான். பறவை மேல் அவர்களுக்கு வந்த பாசம் என்று நான் பல இடங்களில் பெருமையாகப் பேசியிருக்கிறேன். போன திருவிழாவில் எஸ்தர் என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே முனிரத்தினத்திடம் காரணம் கேட்டுவிட்டாள்.

"பறவைக்கோசரம் இல்லம்மா. ஒரு துண்டுத் தோலுக்கே சார் அந்த அழுகை அழுதாரு. நெஜமாவே ஒரு குஞ்சு செத்துட்டா அவர யாரு சமாளிக்கறது?"