பாலத்துக்குக் கைப்பிடி

நீர்க்கரை நாட்டில் ஒரு பாலம் இருந்தது. ஒரு மழைக்காலத்தில் வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போனது. அதற்குப் பிறகும் பாலம் இருந்தது. அரசாணை அப்படித்தான் சொன்னது. "மாற வேண்டியது பாலமல்ல, மனம்" என்று முரசறைவித்த மன்னர், அதற்கென்றே மனமாற்றத் துறை ஒன்றை உண்டாக்கினார். அக்கரைக்குப் போகிறவர்கள் ஒவ்வோர் அடிக்கும் "இருக்கு" என்று உரக்கச் சொல்லி நடக்க வேண்டும். படகு வைத்திருப்பது பாலத்தைச் சந்தேகிப்பதாகும் என்று அடுத்த ஆணை வந்தது, படகுகளையெல்லாம் கொளுத்தினார்கள். விழுந்தவர்கள் நம்பாதவர்கள், அவர்களுக்கு ஊர் இடுகாட்டில் இடமில்லை என்று இன்னோர் ஆணை. ஜனங்கள் கைதட்டினார்கள். தட்டாமல் என்ன செய்வார்கள், பாவம்!

ஏகாம்பரம் அந்தப் பாலத்தை மனசார நம்பியவன். அக்கரையில் அறுப்பு வேலைக்குக் கிளம்பியவன் நடு ஆற்றில் போய்ச் சேர்ந்தான். உடல் கரை ஒதுங்கியது. மனைவி பூங்காவனம் அதை வண்டியில் போட்டு இழுத்துவந்து மனமாற்றத் துறை வாசலில் உட்கார்ந்துவிட்டாள். ஈ மொய்க்கத் தொடங்கிய பிறகுதான் அமைச்சர் வெளியே வந்தார்.

"அம்மணி, உமது கணவரின் கடைசி 'இருக்கு'வில் குரல் தாழ்ந்ததாகத் துறைக்குத் தகவல்."

"அது விழும்போது சொன்னதுங்கய்யா. விழுந்துக்கிட்டே 'இருக்கு'ன்னாரு. வாயில தண்ணி போற வரைக்கும் சொன்னாரு."

"அப்படியானால் பழுது பாலத்திலா? யோசித்துப் பேசும்!"

பூங்காவனம் பிணத்தின் மேல் மொய்த்த ஈக்களை விரட்டினாள். அமைச்சர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு வழி கண்டுபிடித்தார்.

"அவர் நடந்தபோது நீர் எங்கே நின்றீர்? பயந்தீரா?"

அவள் துளியும் பயப்படவில்லை. கரையில் நின்று அவனோடு சேர்ந்து "இருக்கு, இருக்கு" என்று தொண்டை வறளக் கத்தியவள் அவள். அவளும் நம்பியவள்தான். ஆனால் வண்டியிலிருந்து தொங்கிய அவன் காலைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டுச் சொன்னாள்.

"ஆமாங்க. நான்தான் நம்பல. எம் பாவத்துலதான் அவரு விழுந்தாரு. அவரைப் பொதைக்க மட்டும் விடுங்க."

ஏகாம்பரத்துக்கு மண் கிடைத்தது. பூங்காவனத்துக்கு 'நம்பாதவள்' என்ற பட்டம் கிடைத்தது. கணவன் நடக்கும்போது மனைவி கரைப்பக்கம் வரக் கூடாது என்று புது ஆணையும் வந்தது.

பிறகு தேர்தல். அந்த நாட்டில் மன்னர் நிரந்தரம், அமைச்சர்கள்தான் மாறுவார்கள். "இத்தனை பேர் விழுந்தார்களே, கேட்க நாதியில்லையா?" என்று எதிர்க்கட்சி கொதித்தது. ஜனங்களுக்கு உயிர் வந்தது. "நாங்கள் வந்தால் பாலத்துக்குக் கைப்பிடி வைப்போம்!" என்று எதிர்க்கட்சி வாக்குக் கொடுத்தது.

அமோக வெற்றி. கைப்பிடித் திறப்பு விழாவுக்கு ஆற்றங்கரை கொள்ளவில்லை. நம்பாதவள் மனம் மாறியதை நாடே பார்க்கட்டும் என்று புதிய அமைச்சர் பூங்காவனத்தை முன்னால் அழைத்தார். அவள் கையைத் தூக்கி அந்தரத்தில் வைத்தார்.

"கைப்பிடி இருக்கிறதா, அம்மணி? இல்லையென்றால் சொல்லலாம், இது ஜனநாயகம். ஆனால் பழைய ஆட்சி யார் யாரையோ இடுகாட்டில் புதைக்க விட்டிருக்கிறது. அதையெல்லாம் தோண்டிப் பார்க்க வேண்டியிருக்கும்."

பூங்காவனம் இடுகாட்டுப் பக்கம் திரும்பினாள். ஏகாம்பரத்தின் மேட்டில் இப்போதுதான் புல் முளைத்திருந்தது.

"இருக்குங்க" என்றாள்.

கரை முழுக்கக் கைதட்டல்.

"மகிழ்ச்சி. நடந்து காட்டும்" என்று அமைச்சர் வழிவிட்டு ஒதுங்கினார்.

அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு காலை எடுத்து வைத்தாள்.