உப்புச் சர்க்கரைக்குப் போன வண்டி

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருகிறவர்கள் சாக்லேட் கொண்டு வருவார்கள், சென்ட் பாட்டில் கொண்டு வருவார்கள், யாருக்கும் அளவு பொருந்தாத டீ-ஷர்ட் கொண்டு வருவார்கள். இவற்றால் யாருக்கும் கெடுதல் இல்லை. சிலர் மட்டும் அங்கே கற்றுக்கொண்ட நாகரிகத்தையும் சேர்த்துக் கொண்டு வந்துவிடுவார்கள். அவர்களை ஏர்போர்ட்டிலேயே மடக்கிச் சோதனை போட வேண்டும் என்பது என் கருத்து. நானும் அப்படிக் கொண்டு வந்தவள்தான். என் தம்பியின் கல்யாணம் அதனால் நின்று போகப் பார்த்தது.

நியூசிலாந்தில் ஒரு சின்ன ஊருக்கு நானும் என் வீட்டுக்காரரும் குடிபோன புதிதில், செருப்பு வாரைச் சரிசெய்ய ரோட்டோரம் கொஞ்சம் நின்றேன். ஒரு கார் நின்றது. அதன் பின்னால் இன்னும் இரண்டு. ஒரு ஹாரன் சத்தம் இல்லை. நான் ரோட்டைக் கடக்கத்தான் நிற்கிறேன் என்று நினைத்து எல்லோரும் புன்னகையோடு காத்திருந்தார்கள். அவர்கள் மனசு நோகக் கூடாதே என்று, எனக்கு ஒரு வேலையும் இல்லாத எதிர்ப்பக்கத்துக்குப் போய் நின்று, அவர்கள் போன பிறகு திரும்பி வந்தேன். கடையில் ஒரு பால் பாட்டிலோடு வரிசையில் நின்றால், வண்டி நிறையச் சாமான் வைத்திருப்பவர், “நீங்கள் முன்னால் போங்கள்” என்று ஒதுங்குவார். இதையெல்லாம் நான் ஏதோ அதிசயம் கண்டவள் மாதிரி அம்மாவுக்குப் போனில் சொல்வேன். அம்மா, “அங்க யாருக்கும் சோலி இல்லியாட்ட இருக்குது” என்பாள்.

சில வருஷங்களில் நானும் அப்படியே ஆகிவிட்டேன். ஆனதோடு விட்டிருக்கலாம். தம்பி கார்த்தியின் நிச்சயத்துக்கு வந்தவள், கோவை ஏர்போர்ட்டிலிருந்து தொண்டாமுத்தூர் வீடு வரைக்கும் அவன் வண்டி ஓட்டுகிற அழகைப் பற்றிப் பாடம் எடுத்துக்கொண்டே வந்தேன். அவன் பொறுத்துக்கொண்டான். நாலு வருஷம் பெண் தேடி, ஜாதகம் சேர்ந்தால் வேலை பிடிக்காமலும், வேலை பிடித்தால் ஜாதகம் சேராமலும் அலைந்து, கடைசியில் கொடுமுடியில் நந்தினி அமைந்திருந்தாள். இருவரும் போனில் பேச ஆரம்பித்திருந்தார்கள். பையன் காதில் ஹெட்செட்டோடு தென்னந்தோப்புக்குள் தனியாகச் சிரித்துக்கொண்டு திரிந்தான். அந்த மனநிலையில் யார் பாடம் எடுத்தாலும் பொறுத்துக்கொள்ளலாம்.

அம்மா மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு எச்சரித்தாள். நந்தினிக்கு இதற்கு முன்னால் அமைந்த ஒரு வரன், மாப்பிள்ளையின் அக்கா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டதால் முறிந்து போயிருந்ததாம். “அவிய உன்னையத்தான் பாப்பாங்க கண்ணு. அதுலயும் அந்தப் புள்ளையோட பெரியம்மா. அந்தம்மா சரீன்னு சொன்னாத்தான் அந்த ஊட்டுல அடுப்பே எரியும். பாத்துப் பதனமா நடந்துக்க” என்றாள். பதனமாக நடந்துகொள்வதில் என்னை மிஞ்ச ஆள் ஏது என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் பக்கத்தில் சம்பந்தம் உறுதியாவது உப்புச் சர்க்கரை மாற்றுவதில்தான். உப்பையும் நாட்டுச் சர்க்கரையையும் இரு வீட்டாரும் மாற்றிக்கொண்டால் பேச்சு முடிந்தது. அதற்கு முன்னால் பெண் வீட்டார் எங்கள் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள், அதாவது ஒரு வாய் சாப்பிட மாட்டார்கள். அந்த உப்பையும் சர்க்கரையையும் முந்தின நாளே வாங்கி வைப்பதும் கிடையாது. அன்றைக்கே, நல்ல நேரத்தில், மாப்பிள்ளையின் அக்காவும் பெண் வீட்டு அம்மா ஒருவரும் சேர்ந்து கடைக்குப் போய் வாங்கி வருவது எங்கள் வீட்டு வழக்கம். நிச்சயம் ஞாயிற்றுக்கிழமை. பெண் வீட்டார் காலையிலேயே வந்துவிட்டார்கள். பன்னிரண்டு மணிக்கு எமகண்டம் ஆரம்பம். பதினொன்றேகாலுக்குக் கிளம்பினால் பத்து நிமிஷத்தில் போய்விட்டுத் திரும்பி விடலாம். கார்த்தி, “நான் ஓட்டறேன்க்கா” என்றான். “மாப்பிள்ளை பேசாம உக்காரு” என்று சாவியைப் பிடுங்கிக்கொண்டேன். அங்கேயும் வண்டி இடப்பக்கம்தான் ஓடுகிறது, இங்கேயும் இடப்பக்கம்தான். என்ன வித்தியாசம்?

முன் சீட்டில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது சாட்சாத் அந்தப் பெரியம்மாவேதான். சரஸ்வதி அத்தை. சிவப்புக் கரைப் பட்டு, மடியில் தாம்பாளம்.

“போலாமுங்களா அம்மணி?”

“போலாமுங்க அத்தை.”

போகத்தான் முடியவில்லை. எங்கள் சந்து மெயின் ரோட்டில் சேரும் இடத்தில் நிறுத்தினேன். மலையடிவாரம் பார்க்கக் கிளம்பிய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் பூராவும் போய்க்கொண்டிருந்தது. இடைவெளி கிடைக்கட்டும் என்று காத்திருந்தேன். (இடைவெளி கிடைப்பதில்லை, மூக்கை நீட்டி உண்டாக்கிக்கொள்ள வேண்டும் என்பது பதினெட்டு வயதில் எனக்குத் தெரிந்த விஷயம்தான்.) அத்தை ரோட்டின் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தார்.

“யாராச்சும் வாராங்களா அம்மணி? யாருக்காச்சும் நிக்கறமுங்களா?”

“இல்லீங்க அத்தை, வண்டிங்க போகட்டும்னுதான்.”

“ஓ” என்றார்.

ஒருவழியாக ரோட்டில் ஏறினால், கொஞ்ச தூரத்தில் பாலம் ஒன்றில் ஒரு வண்டிதான் போகலாம். எதிரே தேங்காய் ஏற்றிய டெம்போ. நியூசிலாந்தில் ஹெட்லைட்டை ஒருமுறை அடித்தால் ‘நீ முதலில் வா’ என்று அர்த்தம். அடித்தேன். இங்கே அதற்கு ‘நான் வருகிறேன், ஒதுங்கு’ என்று அர்த்தம். டெம்போக்காரர் பாவம், ஒதுங்கி நின்றார். நான் வரவில்லை. அவர் கிளம்பினார். நான் மறுபடியும் மரியாதையாக லைட்டை அடித்தேன். அவர் மறுபடியும் நின்றார். இந்த உபசாரம் கொஞ்ச நேரம் நடந்தது. கடைசியில் அவர் இறங்கி நடந்தே வந்து, “ஏனுங்க, வாரீங்களா, வல்லீங்களா? ஏதோ ஒண்ணு சொல்லிப்போட்டீங்கன்னா நான் காயை எறக்கிப்போட்டாச்சும் வந்துருவேன்” என்றார்.

அத்தை ஒன்றும் பேசவில்லை. என் பண்பைப் பார்த்து வாயடைத்துப் போயிருக்கிறார் என்று நினைத்தேன். அடக்கமாக இருப்போம், நாமே நம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்ள வேண்டாம் என்று நானும் பேசவில்லை.

அடுத்து ரோட்டோரத்தில் ஒரு வயதான அம்மா, இடுப்பில் கொத்தமல்லிக் கட்டோடு நின்றார். நிறுத்தினேன். போங்கள் என்று கை காட்டினேன். அவர் நீ போ என்று கை காட்டினார். நான் புன்னகைத்து மறுபடியும் காட்டினேன். பின்னால் ஹாரன்கள் முழங்கின. அந்த அம்மா என் முகத்தையே உற்றுப் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்து, பின் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துகொண்டார். “சந்தை முக்குல எறக்கி உட்டுருங்க கண்ணு. நல்லா இருப்பீங்க” என்றார். சந்தை முக்கு, நாங்கள் போக வேண்டிய கடையைத் தாண்டி இருந்தது. ஏறியவரை இறக்கிவிட எந்த நாட்டு நாகரிகத்தில் இடம் இருக்கிறது? கொண்டுபோய் இறக்கிவிட்டு, வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தேன். அத்தை தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

மளிகைக் கடையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். அத்தையைக் காரில் இருக்கச் சொல்லிவிட்டுப் போய், வரிசை எங்கே ஆரம்பிக்கிறது என்று தேடினேன். அப்படி ஒன்று இல்லாததால் நானே ஒன்றை ஆரம்பித்து, முன்னால் நின்றவருக்கு மூச்சுவிட இடம் கொடுத்துத் தள்ளி நின்றேன். அந்த இடத்தில் உடனே ஒருவர் வந்து நின்றார். அவருக்கு ஒரு தீப்பெட்டிதான் வேண்டும். சரி, ஒரே சாமான், போகட்டும். அடுத்தவருக்கு அரைக் கிலோ பருப்பு. அதுவும் ஒரே சாமான். என் தோளுக்கு மேலாகவும், கைக்கு அடியிலும், பையும் ரூபாயும் போய் வந்துகொண்டிருந்தன. தொண்டாமுத்தூரில் அன்று எல்லோருக்கும் ஒரே சாமான்தான் தேவைப்பட்டது.

“அம்மணி யாரைப் பாத்துட்டு நிக்கறீங்க?” என்றார் கடைக்காரர்.

“இல்லீங்க, இவங்க முன்னால வந்தாங்க” என்று எனக்குப் பின்னால் வந்த ஒருவரைக் காட்டினேன்.

தோளில் ஒரு கை விழுந்தது. அத்தை. தாம்பாளத்தை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். என்னைக் கடைக்கு வெளியே வேப்பமர நிழலுக்குக் கூட்டிப்போனார். குரலை உயர்த்தவில்லை.

“அம்மணி, தப்பா நெனச்சுக்காதீங்க. உங்களுக்கு இந்தச் சம்பந்தம் புடிக்கலீங்களா?”

“ஏனுங்க அத்தை அப்படிக் கேக்கறீங்க?” என்றேன்.

“சந்துல நின்னீங்க. பாலத்துல நின்னீங்க. வழியில போனவிய ஆரையோ ஏத்திட்டு ஊரைச் சுத்துனீங்க. இப்ப கடைக்கு வந்தும் வாங்காம நிக்கறீங்க. நேரம் போகட்டும்னு நிக்கறாப்பலதானுங்க எனக்குத் தெரியுது. புடிக்கலீன்னா இப்பவே சொல்லிப்போடுங்க. எம்புள்ளை ஒருக்கா அழுதது போதுமுங்க. கண்ணாலம் பண்ணிப்போட்டு இன்னொருக்கா அழுகக் கூடாதுங்க.”

ஹெட்செட்டோடு தோப்பில் திரிந்த பையனின் முகம் கண்முன் வந்தது. எத்தனையோ சமாதானம் சொல்லியிருக்கலாம். அழுகைதான் வந்தது. திரும்பிக் கூட்டத்துக்குள் பாய்ந்தேன். யாரையோ இடித்தேன். யாருடைய காலையோ மிதித்தேன். ஒரு முட்டை அட்டையை என் முழங்கையால் ஆட்டம் காண வைத்துவிட்டு, கடைப் பலகையில் இரண்டு கையையும் ஊன்றி, தொண்டை கிழியக் கத்தினேன்.

“அண்ணா, எனக்கு முதல்ல குடுங்க. எந்தம்பிக்கு உப்புச் சக்கரை.”

கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. பருப்பு வாங்கிய அம்மா, “அட, உப்புச் சக்கரைக்குங்களா? வாயைத் தொறந்து சொல்லியிருந்தா நாங்களே கூட்டிட்டுப் போயி முன்னால உட்டிருப்பமுங்களே” என்றார்.

கடைக்காரர் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டைத் தாண்டியிருந்தது.

“எமகண்டத்துல உப்புச் சக்கரை குடுக்க மாட்டேனுங்க அம்மணி. ஒண்ணரை ஆகட்டும். உக்காருங்க.”

வெறுங்கையோடு வீடு திரும்புவதும் கூடாது. ஆகவே கடைக்காரர் போட்ட ஸ்டூல்களில், வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில், பட்டுப்புடவையோடு இருவரும் உட்கார்ந்தோம். வீட்டில் விடியற்காலையில் கொடுமுடியிலிருந்து கிளம்பி வந்த கூட்டம் கை நனைக்காமல் காத்திருந்தது. போன் அடித்தது. கார்த்தி. எடுக்கத் தைரியமில்லாமல் திரையையே பார்த்தேன். அத்தை என் கையிலிருந்து போனை வாங்கினார். எங்கள் குடும்பத்தின் தலையெழுத்து அவர் வாயில் இருந்தது.

“வண்டி நின்னு போச்சுங்க மாப்ள” என்றார் அத்தை. “பதறாதீங்க. ஒண்ணரைக்கு மேல வந்தர்றோம்.”

மாப்ள என்று சொன்னார். அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது.

அதன் பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். செருப்பு வார், பால் பாட்டில், ஹெட்லைட். அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு, “ரோட்டுல போறவிய அத்தன பேருக்கும் பாத்தீங்க. பக்கத்துல உக்காந்திருக்கறவகிட்ட ஒரு வார்த்தை சொல்லலீங்களே” என்றார்.

எனக்குக் கொஞ்சம் ரோஷம் வந்தது. “அங்க சொல்லவே வேண்டாமுங்க அத்தை. கேக்காமயே வழி உடுவாங்க. இங்க கத்துனாத்தான் உண்டு” என்றேன்.

“அதுவும் நல்லதுதானுங்க” என்று ஒப்புக்கொண்டார். “அப்பறம் அவிய ஊட்டுக்கு வந்து போவாங்களா?”

யோசித்தேன். எனக்குத் தினமும் வழிவிடுகிற நீலக் காரைத் தெரியும், அதை ஓட்டுபவரின் கையசைப்பைத் தெரியும். பெயர் தெரியாது. எனக்கு வழிவிட்டதில் ஒருநாளும் அவர் தவறியதில்லை, நான் காய்ச்சலில் கிடந்த வாரத்தில் ஏன் காணோம் என்று கேட்டதும் இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நானும் அவரிடம் எதையும் கேட்டதில்லை. இங்கே என்னை முந்திக்கொண்டு பருப்பு வாங்கிய அம்மா, எங்கள் இருவருக்கும் மோர் வாங்கிக் கொடுத்துவிட்டு, மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று விசாரித்துக்கொண்டிருந்தார். எது மேல் என்று எனக்கு இன்றுவரை முடிவு செய்யத் தெரியவில்லை. இரண்டும் ஒரே ஊரில் கிடைத்தால் நன்றாக இருக்கும்.

ஒன்றரைக்குப் பிறகு உப்பும் சர்க்கரையுமாக வீட்டுக்குப் போனபோது அப்பளமெல்லாம் நமத்துப் போயிருந்தது. பெண்ணின் மாமா ஒருவர் சுவரில் சாய்ந்து தூங்கியே விட்டார். நாங்கள் இறங்கியதும் பசியில் இருந்த ஆண்கள் அத்தனை பேரும் எழுந்து வந்து காரின் பானெட்டைத் திறந்தார்கள். பேட்டரி என்றார் ஒருவர். செல்ப் மோட்டார் என்றார் இன்னொருவர். “நேத்துத்தானுங்க சர்வீஸ் உட்டேன்” என்று கார்த்தி அழாத குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அத்தை அவர்களைத் தாண்டி, தாம்பாளத்தோடு நேராக உள்ளே போனார். மறுநாள் அவன் புது பேட்டரி மாட்டினான். கல்யாணத்துக்கு முன் அந்தக் காரையே விற்றுவிட்டான். நல்ல காரியத்துக்குப் போய் நின்ற வண்டி ஆகாதாம்.

எங்கள் இரண்டு குடும்பத்திலும் இப்போது யார் எங்கே தாமதமாக வந்தாலும், “வண்டி நின்னு போச்சுங்களா?” என்றுதான் கேட்பார்கள். கேட்பவர்களுக்கு உண்மை தெரியாது.

கார்த்தியின் மகளுக்குக் காது குத்த ஊருக்கு வந்திருந்தபோது கோயிலுக்கு நான்தான் காரை ஓட்டினேன். முன் சீட்டில் சரஸ்வதி அத்தை. பின்னால் கார்த்தியும் நந்தினியும் குழந்தையும். ரோட்டோரம் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடக்க நின்றார். என் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. அவர் தயங்கி எங்களையே பார்த்தார். அத்தை கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டினார்.

“நீங்க போங்க. இது எங்க அம்மணி வண்டிங்க. அங்கங்க நின்னு நின்னுதான் போகும்.”

எங்க அம்மணி என்றாரே, அதில் எனக்குக் கண் கலங்கி ரோடு மங்கலாகத் தெரிந்தது. பின் சீட்டிலிருந்து கார்த்தி மட்டும் மனசு கேட்காமல், “இது புது வண்டிங்க அத்தை” என்றான்.