வீரபத்திரன் பாவா தலைமையில் ஒரு சோதனை ஓட்டம்

புது பைக்கை எப்படிச் சோதித்து வாங்குவது என்பதை உலகம் திருத்தணிக்கு வந்துதான் கற்றுக்கொள்ள வேண்டும். சான்று: சூர்யபிரகாஷ், வயது இருபத்தொன்று, இருப்பு அம்மையார்குப்பம். இந்த 2003-ஆம் வருடத்தில் அரக்கோணத்துக் கம்பெனி ஒன்றில் அவனுக்கு வேலை கிடைத்தது. ஷிப்ட் காலை ஆறு மணிக்கு. ஊருக்குள் முதல் பஸ் வருவதே ஆறேகாலுக்கு. திங்கட்கிழமை சொந்த வண்டியில் நேரத்துக்கு வந்தால் வேலை, இல்லையென்றால் வேறு ஆள்.

ஆகவே சனிக்கிழமையன்று அக்கா சந்திரா, அவள் புருஷன் வீரபத்திரன் பாவா, தாய்மாமன் கோதண்டம் ஆகியோர் அடங்கிய 'வல்லுநர் குழு' திருத்தணி ஷோரூமுக்கு விஜயம் செய்தது.

குழுத் தலைவர் பாவா முதல் விதியை அறிவித்தார்.

"வாங்கறவன் ஓட்டிப் பாக்கக் கூடாது. ஆசை கண்ண மறைச்சிடும்."

"பாவா, ஒரே ஒரு ரவுண்டு..."

"பாத்தியா? இப்பவே மறைச்சிகினு கீது."

ஆறடி பாவா வண்டியை மலைப்பாதையில் ஏற்றி இறக்கிவிட்டு வந்தார். பிரேக், கியர், இழுப்பு மூன்றையும் பற்றிய அறிக்கையை ஒரே வரியில் சமர்ப்பித்தார்: "ஜம்முனு கீது."

மாமா பதினொரு முறை ஹாரன் அடித்தார். "இது நம்மூரு எருமைக்குக் கேக்குமா?"

"ஆந்திரா எருமைக்கே கேக்குங்க சார்" என்றார் விற்பனையாளர் கிரிதர்.

சந்திரா பின் சீட்டில் ஒருக்களித்து உட்கார்ந்து, கண்ணை மூடி, மனசுக்குள்ளேயே பொதட்டூர்பேட்டை வரை போய் வந்தாள். "புடவை மாட்டல. எடுத்துக்கலாம்."

கடைசியாக, ஸ்டாண்டு போட்ட வண்டிமேல் உட்கார சூர்யபிரகாஷுக்கு அனுமதி வழங்கப்பட்டது. ஸ்டாண்டை எடுத்ததும் அவன் கால்கள் காற்றில் ஆடின. கிரிதர் ஓடிவந்து வண்டியைப் பிடித்துக்கொண்டார்.

"மாமா, கால் எட்டல."

"நடந்து போறவனுக்குத்தாண்டா கால் தரையில படணும். வண்டில போறவனுக்கு எதுக்கு?"

"ஓட்ட ஓட்ட சீட்டு அமுங்கிடுங்க" என்றார் கிரிதர்.

"எனக்கு எட்டுதே!" என்றார் பாவா. அத்துடன் சோதனை விஞ்ஞானபூர்வமாகவும் முடிந்தது.

"அந்தச் சின்ன வண்டிய வேணா..."

"அது பொம்பளப் புள்ளைங்க ஓட்டறதுடா" என்றாள் அக்கா. "நாங்க ஊர்ல தல காட்ட வேணாவா?"

தீர்மானம் மூன்றுக்கு ஒன்று என்ற வாக்கில் நிறைவேறியது. அந்த ஒன்று, செல்லாத வாக்கு.

திங்கள் விடியலில் பாவா வண்டியைப் பிடித்துக்கொள்ள, மாமா பின்னாலிருந்து தள்ளிவிட, அக்கா கற்பூரம் காட்டினாள். வண்டி ஓடிக்கொண்டிருந்தவரை ஒரு குறையும் இல்லை. அரக்கோணத்தில் ரயில்வே கேட் மூடியிருந்தது. நின்றால் சாய்வான். ஆகவே நிற்காமல் கேட்டுக்கு முன்னால் வட்டமடிக்கத் தொடங்கினான்.

ஏழாவது வட்டத்தில் டீக்கடையிலிருந்து ஒருவர் கேட்டார்: "இன்னா தம்பி, யாரத் தேடிகினு கீற?"

"ஆங்... வண்டியப் புடிக்க ஒரு ஆளுங்க!"

அவர் சிரித்துவிட்டு டீயைக் குடித்தார்.

இப்போது மணி ஐந்து ஐம்பது. கேட் திறந்தாலும் கம்பெனி வாசலில் அவன் இறங்கியாக வேண்டும். அரக்கோணத்தில் இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தயவுசெய்து யாராவது போய் அந்த வண்டியைக் கொஞ்சம் பிடியுங்கள். வல்லுநர்கள் மூவரும் மறுபடி படுத்துத் தூங்கிவிட்டார்கள்.